திருப்தி இல்லை என்று தானே சொன்னவள்

பாண்டிச்செல்வி இறந்த செய்தி வந்தபோது நான் மாட்டுத்தாவணியில் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். திருச்சியில் ஒரு மாணவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போய்விட்டுத் திரும்பிய நேரம். கைப்பேசியில் அவள் தம்பி முருகேசன்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

மாட்டுத்தாவணி என்றேன்.

"செல்வியக்கா போயிருச்சுக்கா. காலைல தலை வலிக்குதுன்னு படுத்துச்சு. மூளைல ரத்தம் கசிஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஒண்ணும் செய்ய முடியல."

"சரி, வாரேன்" என்றேன். ஏன் 'சரி' என்று சொன்னேன், தெரியவில்லை. பக்கத்திலேயே பூ மார்க்கெட். உள்ளே போய் ஒரு ரோஜா மாலை வாங்கினேன். கடைக்காரர் சொன்ன விலையை வழக்கம்போலக் குறைத்துக் கேட்டேன். அவரும் குறைத்துக் கொடுத்தார். மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வில்லாபுரத்திலிருக்கும் அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பாரோ என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

துறையின் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவளோடு ஒரே நாளில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, பிறகு அதே வேதியியல் துறையில் அவளுக்கு அடுத்த அறையில் ஆசிரியராக இருப்பவள் நான். எழுந்து, "செல்வி எனக்கு இருபது வருடத்துக்கும் மேலான தோழி" என்றேன். அடுத்த வாக்கியம் வரவில்லை. தொண்டை அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை, சொல்வதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்று கூட்டத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் பிறகு என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அங்கே சொல்லாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவளை முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரே பேராசிரியர்தான் நெறியாளர். சேர்ந்த அன்று அவர் அறையில் இருவரும் நின்றோம். எனக்கு அப்பா வங்கியில் அதிகாரி. வீட்டில் ஏற்கெனவே ஒரு டாக்டர் பட்டம் உண்டு. செல்விக்கு ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில். பிறர் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் பருத்தி போட்ட குடும்பம். அந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்ததால் அவள் பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. "எதில் ஆய்வு செய்ய ஆசை?" என்று நெறியாளர் கேட்டார். நான் மனப்பாடம் செய்து வந்த தலைப்பைச் சொன்னேன். செல்வி வாயைத் திறந்து பல்லைக் காட்டி, "இதுலதான் சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

களிமண்ணோடு சில உப்புகளைக் கலந்து சுட்டு, தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சுகிற ஒரு பொடியைச் செய்வது அவள் வேலை. முதல் ஆண்டின் முடிவில் ஒரு பொடி அமைந்தது. சொந்த ஊரிலிருந்து கேனில் பிடித்து வந்த தண்ணீரில் அதைப் போட்டுச் சோதித்தாள். ஃபுளோரைடு ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. நெறியாளர் கேண்டீனில் எங்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கருத்தரங்கு, கட்டுரை, காப்புரிமை என்று பேச்சு வளர்ந்தது. அடுத்த மாதம் அதே பொடியை மறுபடி செய்தாள். பாதிகூட உறிஞ்சவில்லை. மறுபடி செய்தாள். அதுவும் இல்லை. களிமண்ணை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், கண்ணாடிச் சாமான்களைப் புதிதாக வாங்கினாள். அந்த முதல் பொடி திரும்ப வரவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் இருப்பீர்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழுவின் முன் நின்று, தான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். குழுவில் நெறியாளர், துறையிலிருந்து ஒருவர், வெளிக் கல்லூரியிலிருந்து ஒருவர் என மூன்று பேர். கேட்டுவிட்டு, 'முன்னேற்றம் திருப்தி' என்றோ 'திருப்தி இல்லை' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் 'திருப்தி'தான். அதுவும் இரண்டாம் ஆண்டு முடிவில் நடக்கும் கூட்டம் முக்கியமானது. அதில் 'திருப்தி' வந்தால்தான் உதவித்தொகை அடுத்த படிக்கு உயரும். செல்வியின் உதவித்தொகையில்தான் முருகேசன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் நெறியாளர் அவளிடம், முதலில் வந்த முடிவை மட்டும் காட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். கேண்டீனில் செல்வி என்னிடம் கேட்டாள்.

"லலி, ஒரு தடவை வந்ததை வச்சு மிச்ச வருசத்தை ஓட்டச் சொல்றாரு. என்னாடி செய்ய?"

"மொதல்ல ரிவியூ முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் எப்பப் பாக்குறது? இதை வச்சுப் பேப்பர் வந்துரும். பேப்பரை வச்சு எவனாச்சும் பில்டர் செஞ்சு விப்பான். எங்க ஊர்ல வாங்கி மாட்டுவாங்க."

டீ ஆறிப்போய்விட்டது என்று வேறு டீ வாங்கி வந்தேன்.

கூட்டம் நடந்த அறையில் நாங்கள் மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். செல்வி முதல் முடிவையும் காட்டினாள். அதன்பின் வராத அத்தனையையும் காட்டினாள். வெளியிலிருந்து வந்த உறுப்பினர் பேனாவைத் திறந்துகொண்டே, சம்பிரதாயத்துக்கு, "அப்போ முன்னேற்றம் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"மொத தடவை வந்தது அப்புறம் வரவே இல்ல சார். ஏன்னு எனக்குத் தெரியல. என்னைக் கேட்டா, திருப்தி இல்லைன்னுதான் போடணும்."

நெறியாளர் முகம் சிவந்துபோய், "அந்தப் பொண்ணு ஒரு வாரமாத் தூங்கலை. ஏதோ உளறுது" என்றார்.

"நல்லாத் தூங்குனேன் சார்" என்றாள் செல்வி.

வெளி உறுப்பினர் பேனாவை மூடினார். பிறகு திறந்து, அவள் சொன்னதையே எழுதினார். வெளியே வந்ததும் செல்வி, "தண்ணி இருக்காடி?" என்று என் பாட்டிலை வாங்கி, மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்தாள். வாயிலிருந்து வழிந்ததில் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

உதவித்தொகை உயரவில்லை, சில மாதங்களில் நின்றே போனது. யாரோ ஊரில் போய்ச் சொல்லிவிட, அவள் அப்பா பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். வேட்டியும் தோளில் துண்டுமாக ஆய்வக வாசலில் நின்றவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா, எம்புள்ள பெயிலாயிருச்சா?" என்று கேட்டார். அதற்குள் செல்வியே வெளியே வந்தாள்.

"பெயிலில்லப்பா. நான் சொன்னதைத்தான் எழுதிருக்காங்க."

"நீயாவா சொன்ன? எதுக்கு ஆத்தா?"

"வராததை வந்துச்சுன்னு எப்படிப்பா சொல்ல? நம்மூர்த் தண்ணிக்குத்தான இம்புட்டும்."

நான் வாங்கி வந்த டீயைக் குடித்தார். தம்ளரைத் தானே கழுவி வைத்தார். "சரி ஆத்தா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தம் பக்கமாக நடந்தார். அதன்பிறகு முருகேசன் ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பட்டறையில் வேலை பார்த்தான்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, அதை வீரம் என்றார். அப்போது அவள் பக்கத்தில் இருந்த எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. செல்விக்கும் அப்படித் தெரிந்ததில்லை. நெறியாளர் பல மாதங்கள் அவளோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை என் மூலமாகச் சொல்லி அனுப்பினார். அவள் பகுதிநேர மாணவியாக மாறி, சாயங்காலங்களில் காளவாசலில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஒருநாள் பேருந்தில், ஜன்னலைப் பார்த்தபடி, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி லலி" என்றாள். மறுநாள் காலையில் அவள்தான் எனக்கு முன்னால் ஆய்வகத்துக்கு வந்திருந்தாள்.

நான் பட்டம் வாங்கி, வேலையிலும் சேர்ந்து, அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் செல்வி ஆய்வை முடித்தாள். அவள் கடைசியாகச் செய்த பொடி, அந்த முதல் பொடியில் பாதி அளவுகூட உறிஞ்சாது. ஆனால் எத்தனை தடவை செய்தாலும் அதே அளவு உறிஞ்சியது. "சுமாராத்தான் வடிக்கும். ஆனா ஏமாத்தாது" என்பாள். வாய்மொழித் தேர்வில், முதல் தடவை மட்டும் ஏன் அப்படி வந்தது என்று கேட்டார்கள். "தெரியல சார். கடைசிவரைக்கும் தெரியல" என்றாள். ஆய்வேட்டிலும் அப்படியேதான் எழுதியிருந்தாள். நெறியாளர் அந்தப் பழைய கூட்டத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு, அவர் ஓய்வுபெறும் முன் எடுத்த கடைசி மாணவரின் ஆய்வுக்குழுவுக்குத் துறை உறுப்பினராக அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்த ஆய்வுக்குழுக்களில் நின்றவர்களுக்கு அவள் கேள்வி தெரியும். அறுபது ஸ்லைடோடு வந்து நின்றாலும் முதல் ஸ்லைடிலேயே நிறுத்திவிடுவாள். "எது வரலைன்னு மொதல்ல சொல்லு. வந்ததை அப்புறம் கேக்குறேன்." முதல்முறை கேட்பவர்கள் வெலவெலத்துப் போவார்கள். இரண்டாம் முறை அதற்கென்றே ஒரு ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வருவார்கள். அதையும் கண்டுபிடித்துவிடுவாள். "இது எனக்காக வராதது. உனக்கு வராதது எது?" பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு மாணவியின் விடுப்பு மாதங்களையும் ஆய்வுக் காலத்தில் சேர்த்து, கெடு முடிந்தது என்று பதிவை ரத்து செய்யப் போகிறார்கள் என்றதும், அலுவலகத்தில் போய் நின்று ஒரு பகல் முழுக்கச் சத்தம் போட்டதும் இதே செல்விதான். அவள் குரல் இரண்டு மாடிக்குக் கேட்கும். அன்று கேட்டது.

பிரகாஷ் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. அவள் துறை உறுப்பினராக இருந்த ஒரு குழுவில் பிரகாஷ் என்ற மாணவனுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை 'திருப்தி இல்லை' என்று எழுத நேர்ந்தது. அவன் வேலை உண்மையிலேயே நகரவில்லை. மற்ற இருவரும் போனால் போகட்டும் என்றார்கள், இவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஆய்வை விட்டுவிட்டுப் போய், காளவாசலில் ஒரு செல்போன் கடை வைத்தான். அதன்பிறகு செல்வி ரீசார்ஜ் செய்வதற்குக்கூட அங்கேதான் போவாள். திரும்பி வந்தால் அன்றைக்குப் பேச்சு குறைந்துவிடும். ஒருநாள் நான், "நீ சரியாத்தான எழுதுன? உனக்கே நீ சொல்லிக்கிட்டதுதான?" என்றேன்.

"எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது வேற. அவனுக்கு நான் போட்டேன்" என்றாள்.

அவள் உடலை வில்லாபுரம் வீட்டில் வைத்திருந்த அன்று பிரகாஷ் வந்திருந்தான். பந்தல்காரரிடமிருந்து நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். நான் ஓரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"படிப்பை விட்ட புதுசுல ரெண்டு வாரம் வீட்டை விட்டு வெளிய வரல மேடம். அப்ப இவங்க வந்தாங்க."

எனக்கு அது தெரியாது. செல்வி சொன்னதே இல்லை.

"வந்து என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சாரி கேக்கல. திரும்ப வர்றியான்னும் கேக்கல. எங்கம்மா குடுத்த காப்பியைக் குடிச்சாங்க. சாப்பிட்டியாடான்னு கேட்டாங்க. போய்ட்டாங்க."

"இப்பக் கோவம் போயிருச்சா?"

"இல்ல மேடம். முழுசாப் போகல. ஆனா கடை தொறந்த அன்னைக்கு மொதப் போணி அவங்கதான்" என்றான். பிறகு யாரோ கூப்பிட, மிச்ச நாற்காலிகளை இறக்கப் போனான்.

அன்று சாயங்காலம் அவளைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் எனக்குப் பக்கத்தில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். கப்பலூர் தாண்டியதும், "ஏம்மா, எம்புள்ளகிட்டப் படிக்கிற பிள்ளைகளை இனிமே யாரு பாப்பா?" என்று கேட்டார். "நான் பாக்குறேன்ப்பா" என்றேன். அந்த நேரத்தில் அதை யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. கேட்டார், சொன்னேன்.

அவளுக்கும் எனக்கும் நடந்த கடைசிப் பேச்சு எதுவென்று பலர் கேட்கிறீர்கள். அவள் இறந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, "உன் ரூம் ஏசி மட்டும் எப்படிடி இம்புட்டு ஜில்லுனு இருக்கு?" என்றாள். பதினெட்டில் வைத்திருக்கிறேன் என்றேன். "கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுறாரு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் இருந்ததாக நினைவில்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை.

அவளிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இருவர், மீனாவும் ஜெயராஜும், இப்போது என் மாணவர்கள். நெறியாளர் மாற்றத்துக்கான கடிதங்களில் போன வாரம் கையெழுத்துப் போட்டேன். செல்வியிடமிருந்து என்னிடம் இருப்பது எது என்று கேட்டால், இந்த இருவரைத்தான் சொல்வேன். படம், புத்தகம், புடவை என்று அவள் வீட்டார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு எதையும் எடுக்கத் தோன்றவில்லை.

இருவருக்கும் இந்த மாதம் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். நெறியாளர் இறந்துவிட்டால் அறிக்கையில் என்ன எழுதுவது என்று விதிமுறையில் எதுவும் இல்லை. நேற்று இருவரும் என் அறைக்கு வந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். நான் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன், அவர்களாகவே உட்கார்ந்தார்கள். மீனா படிவத்தை மேசைமேல் வைத்து, "மேடம், முன்னேற்றம்னு இருக்குற எடத்துல என்ன எழுதுறது?" என்று கேட்டாள்.

"நடந்ததை எழுதும்மா" என்றேன்.

அவள் எழுதினாள். 'கடந்த மூன்று வாரங்களாக ஆய்வில் முன்னேற்றம் இல்லை. எங்கள் நெறியாளர் இறந்துவிட்டார்.' ஜெயராஜ் அதைப் பார்த்துவிட்டுத் தன் படிவத்திலும் அதே இரண்டு வரிகளை எழுதினான். எழுதி முடித்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். மீனா அவன் தோளில் கை வைத்தாள்.

இரண்டு படிவங்களையும் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். கீழே 'நெறியாளர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.